ஆலமரம் நட்ட இல்லறத்தார்

இம்முறை தானங்கள் நான்கனுள் சாத்திர தானம் எனப்படும் அறிவுக் கொடையைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம். ஏட்டிலிருந்து தொடங்காமல் ஒரு வீட்டிலிருந்து தொடங்குவோம்.

ஒரு வீட்டில் கேட்ட வினா

திருப்பூர் நொய்யல் ஆற்றங்கரை நகரம். பருத்தி விளைத்த கொங்கு நாட்டு உழவர் குடியினர் பலர், ஏர் பிடித்த கையால் பின்னல் எந்திரத்தைத் தொட்டு வளர்த்த நகரம். பல நாட்டவர் உடுத்தும் பனியன் அங்கே பிறக்கிறது. மழை பொய்த்த ஊர்களிலிருந்தும் நிலம் கைவிட்ட குடும்பங்களிலிருந்தும் மக்கள் அங்கே பிழைப்பு நாடிச் செல்கின்றனர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்து நம் சமயக் குடும்பங்கள் சிலவும் அவ்வாறு சென்றவையே. அத்தகைய ஒரு குடும்பத்தாரின் லைன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகற்பொழுதை நாம் கழிக்க நேர்ந்தது.

குடும்பத் தலைவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மையார் பிசிர் வெட்டும் வேலை பார்ப்பவர். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள்களில் வேலை முடியுமுன் பொழுது அடைந்துவிடும். ஆகவே மாலைத் தேநீர் இடைவேளையில், கதிரவன் மறையுமுன், தூக்குச் சட்டியில் கொண்டுசென்ற உணவை இருவரும் உண்டுவிடுகின்றனர். அடுத்த உணவு மறுநாள் காலையில்தான். எந்திர ஓசைக்கிடையிலும் இராவுண்ணா நோன்பைக் கைவிடாத அவர்களை எண்ணி நம் உள்ளம் நெகிழ்ந்தது.

மூத்த மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். "மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய், அம்மா?" என வினவினோம். அவள் விடை கூறாமல் தந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த மாதம் முதல் கைமடியாகச் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறோம், ஐயா. இரண்டு மூன்று வருடம் வேலைக்குப் போனால் அவள் கல்யாணத்துக்கு நாலு சவரன் சேர்ந்துவிடும்" என்றார் அவர்.

டெய்லரின் அருகில் நின்று துணியை மடித்தும் அடுக்கியும் கொடுக்கும் கையாள் வேலைக்குத் திருப்பூரில் கைமடி என்று பெயர். நாம் கல்வியின் பெருமையைச் சிறிது எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கேட்பதில்லை. புத்தகமும் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால், சனிக்கிழமை அவள் கொண்டுவரக்கூடிய கூலிக்கு யார் பொறுப்பு? ஊரில் வாங்கிய கடனுக்கு வட்டியை யார் கட்டுவது?" என்றார்.

அவ்வினாவுக்கு நம்மிடம் விடை இல்லை. விடை தேடி நம் ஆகமங்களையும் முன்னோர் வரலாற்றையும் புரட்டியபோது கிட்டியவற்றையே இங்கே உங்கள்முன் வைக்கிறோம்.

உழவும் எழுத்தும் தந்த ஒரே பெருமான்

கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில், உயிர் வாழும் வகையறியாது கலங்கிய மக்களுக்கு வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் ஆதிபகவன் அருளினார் என்பதை நாம் அறிவோம். அப்பெருமானே தம் மகளிர் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என ஸ்ரீபுராணம் கூறுகிறது. ஆழ்ந்து நோக்குமின்! உழவைக் கற்பித்தவரும் எழுத்தைக் கற்பித்தவரும் ஒருவரே. உழவர் வீட்டுக்குக் கல்வி புறம்பானதன்று. எண்ணும் எழுத்தும் முதன்முதலில் பெற்றவர்கள் இரண்டு பெண்மக்கள். அவ்வாறிருக்க, ஆதிபகவனைத் தொழும் நம் இல்லங்களில் படிப்பு நிறுத்தப்படும்போது முதலில் நிறுத்தப்படுவது பெண்ணின் படிப்பாக இருப்பது எவ்வாறு பொருந்தும்?

தானத்தின் தொடக்கமும் அப்பெருமானோடு இணைந்ததே. துறவு பூண்டு நெடுங்காலம் உண்ணாது இருந்த பெருமானுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்தான். அந்நாளே அட்சய திருதியை என நாம் போற்றும் நன்னாள். இன்று நாடெங்கும் அந்நாள் பொன் வாங்கும் நாளாக மாறிவிட்டது. நமக்கோ அது கொடுத்த நாள்; வாங்கிய நாள் அன்று.

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என நான்கு தானங்களை நம் ஆசாரியர்கள் வகுத்தனர். சமந்தபத்திர சுவாமிகள் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவற்றுக்கு எடுத்துக்காட்டாக நால்வரைச் சுட்டுகின்றார். சாத்திர தானத்துக்குச் சுட்டப்பட்டவர் கௌண்டேசர். முற்பிறவியில் அவர் மாடு மேய்க்கும் ஓர் இடையர் என்றும், மரப்பொந்தில் கிடைத்த ஏட்டுச் சுவடியைப் பேணிக் காத்து முனிவர் ஒருவருக்கு அளித்தார் என்றும், அக்கொடையின் பயனால் பின்னொரு பிறவியில் ஆகமங்களில் வல்ல முனிவரானார் என்றும் உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். சுவடியில் என்ன எழுதியிருந்தது என்பதை அவ்விடையர் அறியார். ஆயினும் அது அழியலாகாது, உரியவர் கையைச் சேர வேண்டும் என்பதை அறிந்திருந்தார். தான் கல்லாதவனாயினும் பிறர் கற்க வழி செய்தவனுக்கு அறிவின் கதவு திறக்கும் என்பதே அவ்வரலாற்றின் உட்பொருள்.

இதன் மறுபுறமும் உண்டு. அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை எவ்வாறு உயிரில் வந்து சேர்கிறது என்பதை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் விளக்கியுள்ளார். நல்லறிவைக் கண்டு மனம் கறுத்தல், தான் அறிந்ததை மறைத்தல், பொறாமையால் பிறர்க்குக் கற்பியாமை, கற்பார்க்கு இடையூறு செய்தல், அறிவை மதியாது தடுத்தல், நல்லறிவைக் குற்றமெனப் பழித்தல் ஆகிய ஆறும் அதற்குக் காரணங்கள். இவற்றுள் நான்காவதை மீண்டும் ஒருமுறை படியுங்கள். கற்பார்க்கு இடையூறு!

அப்படியாயின் அத்திருப்பூர்த் தந்தையின்மேல் அவ்வினையைச் சுமத்திவிட்டு நாம் கைகழுவிவிடலாமா? கூடாது. அவர் வறுமையால் கட்டுண்டவர். மகளின் படிப்பை நிறுத்த வேண்டும் என்பது அவர் விருப்பமன்று. இடையூற்றை நீக்கும் ஆற்றல் படைத்திருந்தும், "அது அவர் வீட்டுக் காரியம்" எனப் பேசாதிருந்த நம் போன்றோர்க்கு அவ்வினையில் பங்கில்லையா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சமண இல்லறத்தாரின் வரலாறு

மராட்டிய மாநிலத்தில் கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள கும்போஜ், பாகுபலி திருத்தலத்தால் நம்மவர்க்கு அறிமுகமான ஊர். அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், வேளாண் மரபுடைய திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தவர் பாவுராவ் பாட்டீல். அவர்தம் வாழ்க்கைத் துணைவியார் இலட்சுமிபாய். கர்மவீரர் என மக்களால் அழைக்கப்பட்ட அவரை மராட்டியர் அனைவரும் அறிவர். தமிழ்ச் சமணராகிய நம்மில் பலர் அறியாதிருப்பது குறையே.

பாவுராவ் உயர்கல்வி பெற்றவர் அல்லர். கோலாப்பூரில் பயின்ற நாளில், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான விடுதியின் திறப்பு விழாவுக்குச் சென்று திரும்பினார். தாம் தங்கியிருந்த விடுதியில், நீராடிய பின்னரே உள்ளே வரலாம் என்றனர். மனிதரைக் கண்டு வந்ததற்கு நீராடுவதா என அவர் மறுத்தார். அதனால் அவ்விடுதியை விட்டு நீங்க நேர்ந்தது. எவ்வுயிரும் தன்னுயிர்போல் எனக் கற்பிக்கும் சமயத்தில் பிறந்த இளைஞர் அவ்வாறு நடந்துகொண்டதில் வியப்பில்லை. அவரை வெளியேற்றியவர்களே வியப்புக்குரியோர்.

பின்னர் பிழைப்புக்காக ஓகலே கண்ணாடித் தொழிற்சாலைக்கும் கிர்லோஸ்கர் நிறுவனத்துக்கும் விற்பனைப் பிரதிநிதியானார். முன்னது விளக்குகளுக்குப் பெயர்பெற்றது. பின்னது இரும்பு ஏர்களுக்குப் பெயர்பெற்றது. ஊர் ஊராகச் சுற்றியபோது ஒன்றைக் கண்டார். விளக்கு வாங்கும் வீட்டிலும் எழுத்தறிவின் ஒளி இல்லை. ஏர் வாங்கும் உழவருக்குக் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரியவில்லை. அறியாமையே வறுமையின் வேர் எனத் தெளிந்தார். 1919ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், கராடு வட்டத்துக் காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் கல்விக் கழகத்தை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். ரயத்துவாரி முறை என நம் நாட்டில் வழங்கிய நிலவரி முறையை அறிந்தோர்க்கு இச்சொல் புதிதன்று. குடியானவர் கல்விக் கழகம் என்பதே அப்பெயரின் பொருள். அதன் சின்னம் ஆலமரம்.

1924ஆம் ஆண்டு கழகம் சாத்தாரா நகருக்கு மாறியது. அங்கே ஓர் உறைவிட விடுதி தொடங்கப்பட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஓரிடத்தில் தங்கி, ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கு வந்து, அதற்குச் சத்ரபதி சாகு விடுதி எனப் பெயர் சூட்டினார்.

அணிகலன் போய் அறம் நின்றது

அவ்விடுதியின் அடுப்பங்கரையில்தான் இலட்சுமிபாயின் வரலாறு அடங்கியிருக்கிறது. ஆசாரம் மிக்க குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். தீண்டாமை வேரூன்றிய அக்காலத்தில், அனைத்துச் சாதிப் பிள்ளைகளையும் தம் மக்களாகக் கருதிச் சோறு சமைத்து ஊட்டுவதற்கு அவர் தம்முடன் எத்துணைப் போராட வேண்டியிருந்திருக்கும்! அவர் அப்போராட்டத்தில் வென்றார்.

விடுதிக்கு நிலையான வருவாய் இல்லை. தானியம் தீரும்போதெல்லாம் அம்மையாரின் அணிகலன்களில் ஒன்று விலைபோயிற்று. வளையல் போயிற்று, அட்டிகை போயிற்று. கணவர் ஊரில் இல்லாத ஒரு நாள், பிள்ளைகளுக்கு உலை வைக்க ஒன்றுமில்லாத நிலை வந்தது. மங்கலச் சரடு ஒன்றே எஞ்சியிருந்தது. அதையும் கழற்றிக் கொடுத்துத் தானியம் வாங்கச் செய்தார் என அவர் வரலாறு கூறுகிறது. கணவர் உயிருடன் இருக்க, மங்கலச் சரட்டைக் கழற்றுவது என்பது நம் தாய்மார்க்கு எத்தகைய செயல் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றி நாம் எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம். பரிக்கிரகத்துக்கு எல்லை வகுத்துக்கொள்ளல் என அதற்குப் பொருளும் சொல்லுவோம். எனினும் அந்த எல்லையை எங்கே வகுப்பது என்னும் கேள்வி வரும்போது, நம் பெட்டியில் இருப்பதற்குச் சற்று மேலேயே கோடு கிழிக்கிறோம். அவ்வம்மையார் கழுத்திலிருந்ததற்குக் கீழே கோடு கிழித்தார்.

1930ஆம் ஆண்டு இலட்சுமிபாய் மறைந்தார். அப்போது கழகம் சிறியது. கல்லூரி ஒன்றுகூட இல்லை. கட்டணமின்றிக் கற்பிக்கும் சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி 1940ஆம் ஆண்டிலும், சாத்தாராவின் சத்ரபதி சிவாஜி கல்லூரி 1947ஆம் ஆண்டிலும் எழுந்தன. தாம் விற்ற நகையிலிருந்து விளைந்தது என்ன என்பதை அவர் கண்ணாரக் காணவில்லை. இன்று அக்கழகம் 400க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளும் 40க்கும் மேற்பட்ட கல்லூரிகளும் கொண்டு விளங்குகிறது. அவர் பெயரால் பெண்களுக்கான கல்லூரியும், மாணவரின் மேற்கல்விக்குக் கடனுதவி புரியும் நிதியும் ஏற்பட்டன. ஆலமரம் நடுபவர் அதன் நிழலில் அமர்வதற்காக நடுவதில்லை. பாவுராவ் அதன் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார். 1959ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருதும், பூனாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிட்டின. அவ்வாண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தார்.

வினாவுக்கு விடை

இனி அத்திருப்பூர்த் தந்தையின் வினாவுக்கு வருவோம். அவர் கேட்டது பள்ளிக் கட்டணத்தைப் பற்றியன்று. படிக்கும் காலத்தில் வீட்டுக்கு ஏற்படும் இழப்பைப் பற்றியே கேட்டார். உதவித்தொகை என்றால் கட்டணம், புத்தகம், சீருடை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வில்லறத்தார் அவ்வாறு எண்ணவில்லை. ஏழை உழவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாததற்குக் காரணம் கட்டணம் மட்டுமன்று; அப்பிள்ளையின் வயிறும், அதன் கைகளின் உழைப்புமே என்பதை உணர்ந்திருந்தனர். எனவே உண்டியும் உறையுளும் தந்தனர். உழைத்துக்கொண்டே கற்கும் திட்டத்தை வகுத்தனர். மாணவர்கள் தோட்டத்தில் பயிரிட்டனர். தம் வேலைகளைத் தாமே செய்தனர். சொந்தக் காலில் நிற்கும் கல்வியே தம் குறிக்கோள் எனக் கழகம் அறிவித்தது. தானம் பெற்றோம் என்னும் கூச்சமின்றி மாணவர் தலைநிமிர்ந்து நின்றனர். கொடுப்பவன் கை உயர்ந்தும் பெறுபவன் கை தாழ்ந்தும் இருக்கும் கொடையில் குறையுண்டு. இவ்வகைக் கொடையில் அக்குறை இல்லை.

இதற்கெல்லாம் பொருள் எங்கிருந்து வந்தது? மன்னர்களும் செல்வர்களும் உதவினர். ஆயினும் கழகத்தின் உயிர்நாடியாக இருந்தவற்றுள் ஒன்று, சிற்றூர்ப் பெண்கள் நாள்தோறும் உலையிடுமுன் ஒதுக்கி வைத்த ஒரு பிடி தானியம். நம் நாட்டிலும் பிடியரிசி என்று வழங்கும் பழைய முறையே அது. ஒரு பிடியால் எந்த வீடும் பட்டினி கிடப்பதில்லை. நூறு வீட்டின் பிடி சேர்ந்தால் ஒரு விடுதியே உண்டு பசியாறும்.

இவையெல்லாம் மராட்டியத்துக்குத்தான் பொருந்தும், நமக்குப் பொருந்தா என எவரேனும் கூறலாம். அதற்கும் நம் முன்னோரே விடை தருகின்றனர். கல்வி பயிலும் இடத்துக்குத் தமிழில் பள்ளி என்று பெயர். நம் முனிவர் உறைந்த இடத்துக்கும் பள்ளி என்றே பெயர். வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் என்னும் ஊரில் 9ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவி 500 மாணாக்கருடன் விளங்கினார் என்பதைக் கல்வெட்டால் அறிகிறோம். அவர்களுக்குக் காப்பும் உணவும் அளிக்கும் பொறுப்பை அவ்வூர் மக்கள் ஏற்றனர். ஒரு பெண் ஆசிரியர். அவரிடம் பயில 500 பேர். சோறிடும் கடமை ஊராருடையது. அவ்வூராரின் வழிவந்தோரே நாம்.

திருப்பூருக்கு அணித்தே உள்ள விசயமங்கலத்தைப் பாருங்கள். சந்திரப்பிரப தீர்த்தங்கரர் எழுந்தருளியுள்ள பழைமையான ஜிநாலயம் அங்குண்டு. பெருங்கதை யாத்த கொங்குவேளிரின் ஊர் அது. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் எனக் கொங்கு நாட்டார் கொண்டாடும் சீனாபுரமும் அதற்கு அருகிலேயே உள்ளது. தமிழிலக்கணம் பயிலும் மாணவர் அனைவரும் பல நூற்றாண்டுகளாக நம் முனிவர் ஒருவரின் நூலைக் கையிலெடுத்தே கற்று வருகின்றனர். நன்னூல் பிறந்த நாட்டில், அதனைக் கற்கும் வயதுடைய நம் வீட்டுப் பெண் கைமடி வேலைக்குப் போகிறாள். இதனினும் நம்மை நாண வைப்பது வேறென்ன?

உலகக் கல்வி சாத்திர தானம் ஆகுமா, ஆகமம் கற்பிப்பதன்றோ சாத்திர தானம் என்னும் ஐயமும் சிலர்க்கு எழுவதுண்டு. எழுத்தறியாதார் ஆகமம் ஓதுவது எங்ஙனம்? வயிற்றுப் பசிக்காகப் பதினைந்து வயதில் எந்திரத்தின்முன் நிற்கும் பிள்ளைக்கு அருங்கலச்செப்பை எப்பொழுது கற்பிக்கப் போகிறோம்? ஆதிபகவன் முதலில் தொழில்களைக் கற்பித்து மக்களை வாழ வைத்தார். பின்னரே துறவறம் காட்டினார். அவ்வரிசையை மாற்ற நாம் யார்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாம் உதவும் பிள்ளைக்கு எண்ணும் எழுத்தும் மட்டும் போதா. கொல்லாமையும் வாய்மையும் சேர்ந்தே ஊட்டப்பட வேண்டும். அறமில்லாத படிப்பு கூர்மையான கத்தியைக் குழந்தை கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யத்தக்கவை

கேட்டு மகிழ்ந்து கலைவதற்கன்று சொற்பொழிவு. எனவே செய்யத்தக்க சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு ஜிநாலயத்திலும் கல்விக்கெனத் தனி உண்டியல் ஒன்று வைக்க வேண்டும். இல்லந்தோறும் நாளுக்கு ஒரு பிடி அரிசியோ அதன் விலையோ ஒதுக்கட்டும். திருப்பூரிலும் பிற தொழில் நகரங்களிலும் வாழ்வோர் சனிக்கிழமை கூலி வாங்கும்போதே ஒரு சிறு பங்கை எடுத்து வைக்கலாம். அட்சய திருதியையன்று அதனை ஒன்றுசேர்த்து அவ்வாண்டு மாணவர்க்கு வழங்கினால், கருப்பஞ்சாறு ஈந்த நாள் மீண்டும் கொடுக்கும் நாளாகும்.

இரண்டாவது, உதவித்தொகை ஆண்டுக்கொருமுறை மேடையில் வைத்து அளிக்கும் தொகையாக இராமல், மாதந்தோறும் தாயின் கையில் சேரும் தொகையாக இருக்கட்டும். பிள்ளை வேலைக்குச் சென்றால் வரக்கூடிய கூலியில் ஒரு பகுதியையாவது அது ஈடு செய்ய வேண்டும். பத்துப் பேருக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்து ஒருவரையும் கரையேற்றாமல் விடுவதினும், மூவரைப் படிப்பு முடியும்வரை தாங்கி நிற்பது மேல்.

மூன்றாவது, அரசு தரும் உதவிகளை நம் சிற்றூர்க் குடும்பங்களுக்கு எட்டச் செய்ய வேண்டும். 2014ஆம் ஆண்டு சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கியது. இத்தகைய உதவிகள் பற்றிக் கேட்டறிந்து, சான்றிதழ் பெறவும் விண்ணப்பம் நிரப்பவும் உதவுவது பொருட்செலவில்லாத சாத்திர தானமாகும். படித்த நம் இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம்.

நான்காவது, நம் பிள்ளைகளை மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளை எச்சமயத்தவராயினும் பசியும் அறிவும் அனைவர்க்கும் ஒன்றே. ஒரே உலையில் சோறு சமைத்த அவ்வம்மையாரை நினைவுகொள்வோம்.

ஐந்தாவது, உதவி பெற்றுப் படித்து முடித்தவர், வேலை கிடைத்தபின் தம்மைப் போன்ற ஒருவரைப் படிக்க வைப்பதாக அருகன் திருமுன் உறுதி கூறட்டும். இது கடனன்று, வட்டியும் இல்லை, பத்திரமும் வேண்டா. ஆலமரம் விழுது விடும் முறை இதுவே.

கொடுக்கும்போது கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர் உள்ளம், பெறுபவர் தகுதி ஆகிய நான்கால் தானத்தின் பயன் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரம் விளம்புகிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுமா, மலரில் புகைப்படம் வருமா என்னும் நாட்டம் கொடுப்பவர் உள்ளத்தைக் கறைப்படுத்தும். தம் சரடு விலைபோன நாளில் இலட்சுமிபாய்க்கு எவரும் பொன்னாடை போர்த்தவில்லை.

முடிவுரை

அன்பர்களே! அங்கே ஒரு தாய், பிறர் பிள்ளைகள் படிப்பதற்காகத் தம் நகைகளை விற்றார். இங்கே நாம், நகை சேர்ப்பதற்காகப் பெற்ற பிள்ளையின் படிப்பையே விற்கும் நிலையில் சில குடும்பங்களை விட்டு வைத்திருக்கிறோம். நாலு சவரன் கழுத்தில் ஏறும். திருடர்க்கு அஞ்சிப் பெட்டியில் உறங்கும். ஒரு மருத்துவச் செலவு வந்தால் அடகுக் கடைக்குப் போகும். கற்ற கல்வி அடகுக்குப் போவதில்லை. அது அப்பெண்ணுடன் இருந்து, அவள் பிள்ளைகளையும் வந்து சேரும். அதனால் நீங்கிய ஞானாவரணமோ இப்பிறவியோடு முடியாது உயிரைத் தொடரும்.

அத்தந்தை நம்மை வாயில்வரை வந்து வழியனுப்பியபோது, "நான் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. அவளைப் படிக்க வைக்க எனக்கும் ஆசைதான்" என்றார். அம்மகள் அப்போது தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். சுந்தரிக்கு ஆதிபகவன் அளித்த எண் அன்றோ அது!

அவ்வீட்டுக்கு நாம் மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது. வெறுங்கையுடனும் வெறுஞ்சொல்லுடனும் செல்ல மனம் ஒப்பவில்லை. இவ்விதழைப் படிக்கும் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் இன்று மாலை உலையிடுமுன் ஒரு பிடி ஒதுக்கப்படுமாயின், நாம் செல்லும் நாளில் அவர் வினாவுக்கு விடை நம் கையில் இருக்கும்.

அறிவுக் கொடை வளர்க! எவ்வுயிரும் இன்புறுக! ஜினதர்மம் வாழ்க!